ஏர்க்கால் தூக்கிப் பார்ப்பவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவரைப் பிடிக்காது. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த புதிதிலேயே பிடிக்காமல் போய்விட்டது. சில வருடங்கள் கழித்து அது பயமாக மாறியது. அதற்கும் பிறகு வந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ராஜபாளையம் போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அவருடைய வெல்டிங் ஷெட் இருந்தது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் செய்வார், பழையதைப் பழுது பார்ப்பார். ஒல்லியான ஆள். கைகள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிதாக இருக்கும், அதில் தீப்பொறி பட்ட கரும்புள்ளிகள். ஊரில் எல்லோருக்கும் அவர் 'வெல்டிங் அண்ணாச்சி'. எங்கள் வீட்டு விசேஷப் பத்திரிகையில்கூட அப்படித்தான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சொந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சுமை ஏற்றிய டிரெய்லர் ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றால், டிராக்டரோடு இணைக்கிற இரும்புப் பின்னைக் கழற்றி டிராக்டரைத் தள்ளி நிறுத்தச் சொல்வார். டிரெய்லரின் முன்னால் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பை எங்கள் பக்கம் மாட்டுவண்டிக்குச் சொல்கிற மாதிரியே ஏர்க்கால் என்போம். அதன் கீழே இரண்டு கையையும் கொடுத்து, கால்களை அகட்டி, கண்களை மூடிக்கொண்டு தூக்குவார். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் அப்படியே நிற்பார். நாம் நாலு மூச்சு விடுகிற நேரம் அவர் ஒரு மூச்சும் விடமாட்டார். பிறகு சத்தமில்லாமல் இறக்கி வைப்பார்.

சுமை சரியாக இருந்தால் "சாலு" என்பார். அவர் வீட்டுப் பேச்சு தெலுங்கு. போதும் என்று அர்த்தம். சரியாக இல்லையென்றால், எதை எங்கே மாற்ற வேண்டும் என்று கையைக் காட்டுவார்.

"ஏர்க்கால ஒரு ஆள் தூக்க முடியலன்னா முன்னால கனம் கூடிப்போச்சு. டிராக்டரு முன்சக்கரம் தரைய விட்டு எந்திரிக்கும். ஒத்த விரல்ல தூக்கிரலாம்னா பின்னால கனம். ரோட்டுல வாலாட்டிக்கிட்டே வரும்." இதுதான் அவருடைய சாஸ்திரம். இதில் எனக்கு ஒன்றும் ஆச்சரியம் கிடையாது. ஆளுக்கு ஒரு தொழில், தொழிலுக்கு ஒரு சூட்சுமம். ஆனால் அவருடைய கைக்கு அதற்கு மேலும் தெரிந்தது.

ஆலங்குளத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த ஒருவர், விளையாட்டாக அவரைச் சோதித்துப் பார்த்தாராம். சுமைக்கு நடுவில் தன்னுடைய சாப்பாட்டுத் தூக்குவாளியை ஒளித்து வைத்துக்கொண்டு தூக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி இறக்கி வைத்துவிட்டு, "கல்லு சரியா இருக்கு. சாப்பிடாம எதுக்கு வச்சிருக்கீக, கெட்டுப்போகும்லா" என்றாராம். இதை எங்கள் மாமா, அதாவது என் மாமனார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

நான் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஆடி மாதம் டிரெய்லர் கட்டிக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவது வழக்கம். மூங்கிலை வளைத்துத் தார்ப்பாய் போட்டு, கீழே வைக்கோல் பரப்பி, அடுப்பு, அரிசி, தண்ணீர் டிரம், தொட்டில் என்று டிரெய்லரையே மூன்று நாளைக்கு வீடாக்கிவிடுவோம். எனக்குக் கல்யாணமான முதல் வருடம், எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு அண்ணாச்சி ஏர்க்காலைத் தூக்கினார். கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்.

"புதுப்பொண்ணு பின்னால செத்த தள்ளி உக்காரட்டும். வண்டி மூக்கு கனக்கு."

வண்டியே சிரித்தது. நான் அப்போது கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். நாத்தனார்கள், கொழுந்தன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் என்னை மூட்டை மாதிரி நகர்த்தி வைத்தார் அந்த மனிதர். நான் நகர்ந்தேன். அவர் மறுபடி தூக்கி, "சாலு" என்றார். அன்றையிலிருந்து அவரைக் கண்டால் எனக்கு ஆகாது.

அவர் குடியிருந்த இடமும் ஒரு விநோதம்தான். ராஜபாளையத்தில் மில் வைத்திருந்த ஒருவர், வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, தன் ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன வீடு செய்யச் சொல்லியிருக்கிறார். இவரும் செய்தார். இரண்டு சக்கரத்தின் மேல் தகரச் சுவர், மூன்று ஜன்னல், நடுவில் கட்டில், பின்பக்கம் நாலு பேர் உட்காரும் பெஞ்சு, முன்பக்க ஜன்னலுக்குக் கீழே ஒரு சின்ன இருக்கை. எல்லாம் முடிந்து மில்காரர் ஆசையோடு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியதும், அண்ணாச்சி ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்து மாட்ட மாட்டேன் என்றுவிட்டார்.

"ஜீப்பு வீட்ட இழுக்கும் முதலாளி. அது ஏத்தத்துல. இறக்கத்துல வீடு ஜீப்ப இழுத்துக்கிட்டுப் போயிரும். வேற பெரிய வண்டி கொண்டாங்க, இல்ல வீட்டப் பாதியா வெட்டணும்."

மில்காரர் கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வரவேயில்லை. அந்த வீடு ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், ஏர்க்கால் ஒரு கருங்கல்லின் மேல் சாய்ந்தபடி நின்றது. அண்ணாச்சி அதிலேயே குடியேறிவிட்டார். எந்த வண்டியோடும் மாட்டாத வீடு. அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்தால், புறப்படுவதற்கு யாருக்கோ காத்திருக்கிற மாதிரி இருக்கும்.

என் மகளுக்கு ஐந்து வயதானபோது மாமா அண்ணாச்சியிடம் பெரிய டிரெய்லர் ஒன்று செய்து வாங்கினார். டிராக்டர் என்னவோ பழைய சின்ன டிராக்டர்தான். அந்த வருடம் ஆடிக்கு மொத்தச் சொந்தத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அண்ணாச்சி ஏர்க்காலைத் தூக்கவே இல்லை. டயரைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"ஏப்பா, போன மாசம் இதே டிராக்டருதான நெல்லு மூட்டை அம்புட்டையும் இழுத்துச்சு?" என்றார் மாமா.

"இழுக்கிறதுக்கு எந்த வண்டியும் இழுக்கும் அய்யா. நில்லுன்னா நிக்கணும்லா. பின்னால உள்ளது கனமாப் போச்சுன்னா, இறக்கத்துல அதுதான் முதலாளி. டிராக்டரு அது சொன்னபடி கேக்கணும்."

மாமாவுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் இரண்டு குடும்பங்களைப் பஸ்ஸில் அனுப்பினார், தண்ணீர் டிரம்மை இறக்கினார். அதன் பிறகுதான் அண்ணாச்சி தூக்கிப் பார்த்து "சாலு" என்றார். புது டிரெய்லர் என்பதால் நீயும் கூட வா என்று மாமா அவரையும் கூட்டிக்கொண்டார். என் மகள் முன்பக்கம், இடது மூலையில், பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு ரோடு தெரிய வேண்டும்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மனிடம் போகும்போதும் வரும்போதும் ஆள் எண்ணக் கூடாது. எண்ணினால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிடும் என்று நம்பிக்கை. அவரவர் பிள்ளையை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஆனால் சின்ன மாமி, அத்தை, சித்தி என்று அத்தனை பேர் இருக்கும் வண்டியில் என் பிள்ளை யார் மடியில் இருந்தாலும் அது என் மடிதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, பாத்திரம் பண்டத்தை ஏற்றி, எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். ஆற்று மணலில் எங்களைப் போல எத்தனையோ டிரெய்லர்கள். சில புறப்பட்டுக்கொண்டிருந்தன, எல்லா டிராக்டரும் உறுமிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் எங்கள் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி வழக்கம்போல பின்னைக் கழற்றித் தூக்கினார். முழங்கால் உயரத்தில் நின்றார். வழக்கத்தைவிட வெகுநேரம் நின்றார்.

"ஒரு பிள்ளை குறையுது" என்றார்.

மாமாவுக்கு வந்ததே கோபம். "ஏப்பா, உனக்கு அறிவு இருக்கா? எண்ணக் கூடாதுன்னு தெரியாதா?"

"நான் எண்ணல அய்யா. தூக்குனேன்."

"அரிசி தீந்துபோச்சு, விறகு தீந்துபோச்சு. கனம் குறையத்தான செய்யும்?"

"அது எல்லாம் பின்னால இருந்தது. குறையுறது முன்னால. இடது மூலை. மடிப்பிள்ளை இல்ல, நடக்கிற பிள்ளை."

நான் எட்டிப் பார்த்தேன். இடது மூலையில் என் கொழுந்தனின் பெட்டி இருந்தது. என் மகள் இல்லை. என் அத்தை, அதாவது மாமியார், அவள் என்னிடம் இருப்பதாக நினைத்திருக்கிறார். நான் அவள் அத்தையிடம் இருப்பதாக நினைத்தேன். வண்டியிலிருந்து எப்படிக் குதித்தேன் என்று எனக்குத் தெரியாது, முழங்காலில் அடிபட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு மணலில் ஓடினேன்.

அண்ணாச்சி ஓடவில்லை. ஒவ்வொரு டிரெய்லராகக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். நாலாவதோ ஐந்தாவதோ டிரெய்லர், யாரோ சிவகாசிப் பக்கத்துக்காரர்களுடையது. டிராக்டரை ஸ்டார்ட் செய்தாகிவிட்டது, கிளட்சை விட வேண்டியதுதான் பாக்கி. அந்த டிரெய்லரின் டயருக்கு முன்னால், நிழலில், என் மகள் விரல் சூப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அந்த ஏர்க்காலின் மேலே தன் நெஞ்சைக் கொடுத்து விழுந்து, "நில்லு, நில்லு" என்று கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளையை என் கையில் கொடுத்தபோது அவர் உடனே விடவில்லை. இரண்டு கைகளிலும் ஏந்தி, கண்களை மூடி, ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். டிரெய்லரைத் தூக்கும்போது நிற்பாரே, அதே மாதிரி. பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? அடுத்த வாரம் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஆள் இல்லை. பின்னால் அந்தத் தகர வீட்டின் கதவு திறந்திருந்தது. படியில் நின்று உள்ளே பார்த்தேன்.

பின்பக்கப் பெஞ்சில் நாலு சாக்கு மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உட்கார்ந்திருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பெரியது, இரண்டு சின்னது. வாயைக் கோணி ஊசியால் நெருக்கித் தைத்து, கீழே விழாதபடி சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பெஞ்சுக்கு எதிரே முன்பக்க ஜன்னலுக்குக் கீழே இருந்த சின்ன இருக்கையில், புதுச் சாக்கில் தைத்த ஐந்தாவது மூட்டை ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் சின்னது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "உள்ள வாங்க தாயி."

"என்ன அண்ணாச்சி இது?"

"மணல்" என்றார். பிறகு வாழைப்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, யாருக்கோ விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். "அந்தப் பெரிசு ரெண்டும் என் வீட்டுக்காரியும் எங்க அம்மாவும். சின்னது ரெண்டும் பயலுக. பிளவக்கல் டேமுப் பக்கத்துல ஒரு இறக்கம் இருக்கும்லா, அங்க. ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அன்னைக்கு நான்தான் டிரெய்லர மாட்டுனேன். தூக்கிப் பாக்கல."

அவ்வளவுதான். ஆனால் அந்தப் புதுச் சாக்கிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அது யாரு?"

அவர் என் பிள்ளையின் உயரத்துக்குக் கையைக் காட்டினார்.

செத்துப்போன நாலு பேருக்கு எதிரே என் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாரே இந்தப் பாவி என்றிருந்தது. "பிரிங்க. இப்பவே பிரிச்சுக் கொட்டுங்க" என்று கத்தினேன். அவருடைய மேஜையில் கிடந்த அரிவாளை நானே எடுத்துவிட்டேன்.

"கொட்டாதீக தாயி" என்றார். கெஞ்சவில்லை, விஷயத்தைச் சொன்னார். "ஒரு தரம் பிடிச்ச கனம் என் கையவிட்டுப் போகமாட்டேங்கு. எங்கயாவது இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும். இந்த நாலு பேரும் பின்னால உக்காந்ததுல இருந்து இந்த வீடு மூக்கத் தூக்கிக்கிட்டேதான் நின்னுச்சு. இரும்பக் கட்டி இறக்கி வச்சிருந்தேன். உங்க பிள்ளைய உக்கார வச்ச பொறவு, பின்னால அவுகள கொஞ்சம் நகட்டுனேன். தானா இறங்கிருச்சு. போனது நாலு. திரும்பி வந்தது இது ஒண்ணுதான்."

நான் அரிவாளைக் கீழே வைத்தேன். சமாதானமாகி வைக்கவில்லை. அந்தச் சாக்கைக் கிழித்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்து வைத்தேன். கிழிக்காவிட்டால் என்ன ஆகுமோ என்றும் பயம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமா போய் அந்த வீட்டையே கொளுத்தியிருப்பார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் நாங்கள் புறப்படும்போது அவர் என் மகளை மட்டும் இறங்கச் சொல்லி ஒரு தரம் தூக்குவார், ஏறச் சொல்லி ஒரு தரம் தூக்குவார். அவளுக்கு அது விளையாட்டு. "மாமா, நான் எம்புட்டு கூடியிருக்கேன்?" என்று அண்ணாச்சியிடம் கேட்பாள். "ரெண்டு படி" என்பார். "மூணு படி" என்பார். படிக்கணக்கில் யாராவது பிள்ளையை அளப்பார்களா என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குத்தான் தெரியும், அன்று சாயங்காலம் அவர் சாக்கின் தையலைப் பிரித்து அத்தனை படி மணல் போட்டு மறுபடி தைப்பார் என்று. கோயிலிலிருந்து திரும்பியதும் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். மற்ற நாலும் அப்படியே இருக்கும். இது ஒன்று மட்டும் வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. அது வளர வளர, பின்னால் உள்ளவர்களை அரைச் சாண் அரைச் சாணாக நகர்த்தி வைப்பார். சின்னப் பயலுக்கு ஐந்து வயதிலேயே கனம் நின்றுபோனது என்று ஒரு தரம் சொன்னார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வளர்கிறவரைக்கும் பயமில்லை என்று நானும் மெல்ல மெல்ல நினைக்கத் தொடங்கியிருந்தேன். எப்படி நினைத்தேனோ.

மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் சேர்ந்த வருடம் அது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வேலையாகக் கூப்பிட்டாலொழிய யார் வீட்டுக்கும் வராதவர். செருப்புப் போடவில்லை.

"பிள்ளை நல்லாருக்கா தாயி?"

"நல்லாத்தான் இருக்கா. போன வாரம் லெட்டர் போட்டிருந்தா. ஏன்?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "மணல் சிந்தல. தையல் விடல. எலி கடிக்கல, எல்லாம் பாத்துட்டேன். நாலு நாளா தூக்கும்போது லேசா இருக்கு."

அந்த ஆளைத் திட்டியிருக்கலாம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்திருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. மடவார் வளாகத்துப் பக்கம் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஹாஸ்டலுக்குப் போன் போட்டால், பத்து நாளாக மஞ்சள் காமாலை, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள் என்று வார்டன் சொன்னார். பரீட்சையாம். அன்று மத்தியானமே போய்க் கூட்டிக்கொண்டு வந்தோம். கைத்தாங்கலாகத்தான் பஸ்ஸிலிருந்து இறக்க முடிந்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார்.

அவள் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஷெட்டுக்குப் போனேன். அண்ணாச்சி கதவிலேயே நின்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் "கூடிக்கிட்டு வருது" என்றார். நான் அழுதேன். அவர் முன்னால் அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் உள்ளே போய், பெஞ்சிலிருந்த ஒரு மூட்டையின் மேல் படிந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வருடம் அவர் போய்விட்டார். நெஞ்சு வலி என்று ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு நாள்தான். ஆட்டோவில் ஏறும் முன்பு, பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, தைத்துத் தயாராக வைத்திருந்த ஒரு மூட்டையைக் கட்டிலில் தூக்கிக் கிடத்தச் சொல்லியிருக்கிறார். கிடத்தியதும் ஏர்க்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு "சாலு" என்றாராம். அது யாருடைய கனம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. என்னிடம் சொன்னபோது எனக்குப் புரிந்தது.

சொந்தம் என்று யாரும் வரவில்லை. இடத்துக்காரர் அந்தத் தகர வீட்டை அப்புறப்படுத்தச் சொன்னார். நம் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் டிராக்டரை எடுத்தார். மாமா காலமாகி, புதிதாகப் பெரிய டிராக்டர் வாங்கியிருந்த சமயம். நானும் போனேன். லீவுக்கு வந்திருந்த மகளும் வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று மட்கார்டில் ஏறிக்கொண்டாள். மூட்டைகளைப் பற்றி அவளுக்கு அன்றுவரை எதுவும் தெரியாது.

எனக்கு ஒரே எண்ணம்தான். அண்ணாச்சியையும் சேர்த்துச் செத்தவர்கள் ஐந்து பேரோடு என் பிள்ளையின் கனத்தை ரோட்டில் ஏற்றிக்கொண்டு போக விடக் கூடாது. டிராக்டரை மாட்டுவதற்கு முன்னால் அதை இறக்கிவிட வேண்டும். "இந்தச் சின்ன சீட்டுல இருக்கிறத மட்டும் எடுத்துருவோம்" என்றேன். என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்பதற்குள் படியேறிவிட்டேன். சின்ன சீட்டில் இருந்தாலும் அது இப்போது சின்ன மூட்டை இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, மூச்சிரைக்கப் படி வழியாக இறக்கி மரத்தடியில் சாய்த்து வைத்தோம்.

நிமிர்ந்து பார்த்தால், கருங்கல்லின் மேல் கிடந்த ஏர்க்கால் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. முன்னால் கனம் குறைந்தால் மூக்கு எழும்பத்தான் செய்யும், எனக்குத் தெரியாதா? ஆனால் அது ஆகாயத்துக்குப் போகவில்லை. முழங்கால் உயரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. ஆடவில்லை, கிரீச்சிடவில்லை. கீழே இரண்டு கை இருந்து தாங்கினால் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. என் வீட்டுக்காரர் கையிலிருந்த பின்னைக் கீழே போட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

"என்னம்மா இது, உள்ள ஜன்னல் எல்லாம் வச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே என் மகள் படியேறிவிட்டாள்.

"ஏட்டி, ஏறாத" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளே போய்விட்டாள். அவள் நாலு மூட்டைகளைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே முன்பக்கம் போய், அந்தச் சின்ன இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள்.

ஏர்க்கால் இறங்கியது. அவசரப்படாமல், ஒரு ஆள் குனிந்து இறக்கி வைக்கிற வேகத்தில் இறங்கியது. கருங்கல்லின் மேல் வந்து உட்கார்ந்தபோது இரும்பு கல்லில் படுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் போய்க் குனிந்து, இரண்டு கையையும் கீழே கொடுத்துத் தொட்டுப் பார்த்தேன். ஒரு ஆள் தூக்குகிற கனம்தான் இருந்தது.

மகள் ஜன்னலில் தலையை நீட்டி, "நான் இறங்கணுமாம்மா?" என்றாள்.

இறங்க வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். என் வாயில் வந்தது, "சாலு."